‘பாசிதின்னி’: சிறிய சிக்லிட் தொட்டிக்கான துணை உயிர்களுக்கு ஒரு பொதுப்பெயர்

அன்புடையீர், வணக்கம்.

சிக்லிட் என்னும் குடும்பத்து அழகுமீன்களோடு ஒரே தொட்டியில் வளர்க்கப்படும், பாசியைத் தின்னும் உயிர்களுக்குப் பொதுப்பெயராக ஐயா அவர்கள் முன்மொழிந்த ‘தொட்டித் துப்புரவாளர்’ என்ற சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. கடைகளில் வழங்கும் ‘டேங்க் கிளீனர்’ என்ற பெயரின் தமிழாக்கம் அது. அப்பெயரை நம்பித்தான், விரலளவுக் குட்டியாக விற்கப்படும், உறிஞ்சுவாய் கொண்ட சக்கர் மீனைப் பலர் வாங்கி இரண்டடித் தொட்டியில் விடுகிறார்கள். அம்மீன் ஓரடிக்கு மேல் வளரும். கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டினாலும், தான் தின்பதற்கேற்ப ஏராளமாகக் கழிவையும் இடும். தொட்டியில் கழிவைக் கூட்டும் உயிருக்குத் துப்புரவாளர் என்று பெயரிடுவது வாங்குபவரைத் தவறான வழியில் செலுத்தும்.

அதற்கு மாற்றாக எண்ணத்தக்க ‘பாசியுண்ணி’ இலக்கணப்படி பிழையற்றது. தாவரவுண்ணி, ஊனுண்ணி என்ற வரிசையில் இயல்பாகவே அமர்கிறது. எனினும், மீனின் உடலில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணிகளைப் பற்றி அடிக்கடி எழுத வேண்டியிருக்கும் இத்துறையில் அந்த ஈறு மயக்கம் தரும். எறும்புதின்னி என்ற வழக்குச்சொல்லின் அமைப்பிலேயே ‘பாசிதின்னி’ என்று கொண்டால் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது; மீன் என்ற சொல் அதில் இல்லாததால் நத்தையும் இறாலும்கூட அதனுள் அடங்கும்.

ஆனால் பொதுப்பெயரோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் முதன்மையான வேண்டுகோள், ஏனெனில் தின்னும் முறையே துணைமீன் தேர்வை முடிவுசெய்கிறது. ஆப்பிரிக்காவின் தாங்கனிக்கா ஏரியில் காலி நத்தை ஓடுகளில் குடியிருக்கும், ஐந்து செ.மீ. அளவே வளரும் மல்ட்டிஃபேசியாட்டஸ் சிக்லிட்டுகளை ஒரு சிறிய தொட்டியில் வளர்ப்பதாகக் கொள்வோம். அவற்றுக்குக் கடினத்தன்மை (கரைந்த தாது உப்புகள்) மிகுந்த, பிஎச் 9ஐ நெருங்கும் காரநீர் ஏற்றது. சைனீஸ் ஆல்கே ஈட்டர் என்று விற்கப்படும் மீன் உறிஞ்சுவாய் கொண்டது. குட்டியாக இருக்கும்போது பாசியை நன்றாகத் தின்னும், வளர வளர எல்லை காக்கும் மூர்க்கம் பெற்று, பாறையில் ஒட்டிய அதே வாயால் பிற மீன்களின் விலாவில் ஒட்டி உடலின் வழுவழுப்பைச் சுரண்டும். ஓட்டோசிங்க்ளஸ் என்னும் சிறு கெளுத்தி சாதுவானது, ஆனால் தென்னமெரிக்காவின் மென்னீருக்குப் பழகியது. மூக்கிலும் நெற்றியிலும் தூரிகை போன்ற மெல்லிய தசையிழைகள் வளரும் பிரிசில்நோஸ் கெளுத்தி கடினநீரைத் தாங்கும், கவசமும் உடையது. பெரிய சிக்லிட் தொட்டிக்கு நான் அதையே பரிந்துரைப்பேன், இந்த ஓட்டுக்குடியிருப்புக்கு அதன் பன்னிரண்டு செ.மீ. உடல் மிகை. சயாமீஸ் ஆல்கே ஈட்டர் என்னும் மீன் பாசியைச் சுரண்டாமல் இழையிழையாகக் கொறித்தெடுக்கும். விரைந்து நீந்தும் அதற்கு நீளமான தொட்டி வேண்டும். எஞ்சுவது நெரைட் நத்தை. கடினநீர் அதன் ஓட்டுக்கு உரம் சேர்க்கும். அதன் இளவுயிரிகளுக்கு உவர்நீர் தேவைப்படுவதால் நன்னீர்த் தொட்டியில் பெருகவும் பெருகாது.

ஆகவே பொதுப்பெயராகப் ‘பாசிதின்னி’யையும், உறிஞ்சுவாயால் ஒட்டித் தின்பவற்றுக்கு ‘ஒட்டுவாய்ப் பாசிசுரண்டி’யையும், சயாமீஸ் போன்றவற்றுக்குப் ‘பாசிகொறிப்பான்’ என்பதையும் முன்மொழிகிறேன். மூன்றாவது சொல் எனக்கே முழுநிறைவு தரவில்லை. மெல்லக் கடித்தெடுத்தல் என்னும் வினை புலப்படும் இன்னும் சுருக்கமான சொல் தோன்றினால் அன்புகூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.