பொருள்: நாக்-அவுட் செல் லைன் – ‘நீக்கம்’ பொருந்துமா?

வணக்கம் ஐயா,

ஒரு மரபணுவை வேலை செய்யாதபடி ஆக்கி ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்களான ‘நாக்-அவுட் செல் லைன்’ என்பதற்குத் தமிழில் ‘மரபணு நீக்கிய செல்வரிசை’ என்று முன்வைத்திருக்கிறீர்கள். சொல் எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் பெரும்பாலும் நடப்பது நீக்கம் இல்லையே.

டிஎச்பி-1 செல்களை எடுத்துக்கொள்வோம். ரத்தப் புற்று வந்த ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்திலிருந்து வந்தவை. 1980-இல் அறிமுகமாகி இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. இவற்றின் சவ்விலுள்ள டிஎல்ஆர்4 ஏற்பி, எம்டி-2 என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து, சில பாக்டீரியாக்களின் வெளியுறையிலுள்ள லிப்போபாலிசாக்கரைடு என்ற கொழுப்பு-சர்க்கரைப் பொருளை இனங்காண்கிறது. அந்த ஏற்பி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு அதன் மரபணுவை வெட்டுகிறார்கள். செல் அந்த வெட்டைத் தானே ஒட்டிக்கொள்ளும்போது டிஎன்ஏவின் சில எழுத்துகள் விடுபடும், அல்லது கூடும். மும்மூன்றாகப் படிக்கப்படும் செய்தி அதற்கப்புறம் குழம்பிப்போகிறது. முழுப் புரதம் உருவாவதில்லை. மரபணு என்னவோ இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. இரண்டு இடங்களில் வெட்டி நடுத்துண்டையே எடுத்துவிடுவதும் உண்டு, அதை வேண்டுமானால் நீக்கம் என்போம்.

இதே ஏற்பியின் வரலாற்றிலும் இரண்டு வகையும் வருகின்றன. லிப்போபாலிசாக்கரைடுக்கு அசையாத இரண்டு சுண்டெலி வகைகளை ஆராய்ந்துதான் 1998-இல் டிஎல்ஆர்4-இன் வேலையைக் கண்டுபிடித்தார்கள். ஒன்றில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. மற்றதில் மரபணுவே காணோம்! இரண்டுக்கும் ‘நீக்கம்’ என்று எழுதினால் படிக்கும் மாணவர் பாடு திண்டாட்டம்தான்.

ஆகவே நாக்-அவுட்டுக்கு ‘முடக்கம்’ என்பேன். மரபணுவின் செயலைக் குறைக்க மட்டும் செய்யும் நாக்-டவுனோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். அங்கே மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ குறைகிறது, புரதம் கொஞ்சம் மிஞ்சுகிறது, ‘தணிப்பு’ போதும். முடக்கிய மரபணுவைத் திரும்பச் சேர்த்து, செல் பழையபடி வினைபுரிகிறதா என்று சரிபார்ப்பதை ‘மீட்பு’ எனலாம்.

அடுத்து செல்வரிசை. ‘செல்வரிசையின் டிஎன்ஏ வரிசை’ என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள், சிக்கல் தெரியும். என் விருப்பம் ‘செல் கால்வழி’. முடக்கியபின் ஒற்றைச் செல்லைப் பிரித்து, அதன் சந்ததியை மட்டும் வளர்த்தெடுப்பதால் இங்கே இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. செல்லா உயிரணுவா என்ற பழைய சண்டைக்கு நான் வரவில்லை.

‘டிஎல்ஆர்4 முடக்கிய டிஎச்பி-1 செல் கால்வழி’ – நீளம்தான். பேச்சில் ‘முடக்குச் செல்’ என்று தானே சுருங்கிவிடும்.

ஒரு இடறல் இருக்கிறது. கால்வழியை இதற்குக் கொடுத்துவிட்டால், ஒரு செல் எந்த முன்னோடிச் செல்லிலிருந்து வந்தது என்ற வம்சத்தொடரைக் குறிக்கும் லினியேஜுக்கு என்ன செய்வது? ‘மரபுவழி’ ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.