கரீனா படத்தின் செம்பழுப்பு

செவ்வாய்ப்பேட்டையார்:
“நேரில் சென்று பார்த்தாலும் கரீனா விண்முகில் இப்படித்தான் ஒளிரும்” என்று ஏற்காட்டு நண்பர் நேற்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. விண்ணில் வாயுவும் தூசியும் திரண்ட அந்த முகிலைக் காட்டி 2022 ஜூலையில் வெளியான ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படம் அகச்சிவப்பில் எடுக்கப்பட்டது. கண்ணுக்கே எட்டாத ஒளிக்குச் செம்பழுப்பு எங்கிருந்து வந்தது? கணினியில் ஏற்றிய சாயம்தானே?

ஏற்காட்டு வான்நோக்கி:
சாயம் என்பது சந்தைப் பேச்சு, ஐயா. ஆறு வடிகட்டிகளின் வழியே தனித்தனியாக எடுத்த கருப்பு வெள்ளைப் பதிவுகளில், குறுகிய அலைநீளங்களுக்கு நீலமும் நீண்டவற்றுக்குச் சிவப்பை ஒட்டிய நிறங்களும் கொடுத்து அடுக்கியிருக்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டையார்:
முறையாகப் பூசினாலும் பூச்சு பூச்சுதான். தூண்களாக எழும் வாயுத் திரள்களைக் காட்டும் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் 1995ஆம் ஆண்டுப் படத்தில், இயல்பில் சிவப்பாக ஒளிரும் ஹைட்ரஜனுக்குப் பச்சை கொடுத்தவர்கள்தானே இவர்கள்? செம்பழுப்பு நேரில் தெரியுமா, தெரியாதா?

அம்மாபேட்டை ஆசிரியை:
கந்தகமும் ஹைட்ரஜனும் இரண்டுமே சிவப்பில் ஒளிர்வதால், எது எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டவே அப்படிச் செய்தார்கள். இதைச் சென்ற ஆண்டே விளக்கினேன். தாங்கள் படித்ததாகத் தெரியவில்லை.

செவ்வாய்ப்பேட்டையார்:
படித்தேன், அம்மா. கேட்டதற்கு விடை அதிலும் இல்லை.

ஏற்காட்டு வான்நோக்கி:
ஏற்காட்டு மலைவிளிம்பில் உள்ள லேடீஸ் சீட்டிலிருந்து என் தொலைநோக்கியில் கரீனாவைப் பார்த்தவன் நான். தாங்கள் எதில் பார்த்தீர்கள்?

செவ்வாய்ப்பேட்டையார்:
லேடீஸ் சீட்டிலிருந்தா! நம் ஊரில் கரீனா உச்சிக்கு வந்தாலும் தெற்கு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ இருபது பாகைதான் உயரும். அதாவது, சேலத்து விளக்குகள் வானத்தை வெளுக்கும் பக்கத்திலேயே நிற்கும். பார்த்தது விண்முகிலா, ஐந்து ரோட்டின் வெளிச்சமா?

ஏற்காட்டு வான்நோக்கி:
மழை பெய்து ஓய்ந்த ஏப்ரல் முன்னிரவில், நடுவே கருங்கோடு ஓடிய சாம்பல் திட்டாகத் தெளிவாகவே தெரிந்தது.

செவ்வாய்ப்பேட்டையார்:
சாம்பல்! தங்கள் வாயாலேயே வந்துவிட்டது. செம்பழுப்பு எங்கே போயிற்று?

ஏற்காட்டு வான்நோக்கி:
மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. குறை கண்ணுடையது, விண்முகிலுடையது அன்று.

அஸ்தம்பட்டி வாசகர்:
“என் தொலைநோக்கி” என்கிறாரே, அது என்னிடம் இரவல் வாங்கியது. முக்காலி இன்னும் திரும்பி வரவில்லை.

ஏற்காட்டு வான்நோக்கி:
கால் உடைந்த முக்காலியைக் கொடுத்துவிட்டுக் கேட்கவும் துணிகிறீர்களே!

அம்மாபேட்டை ஆசிரியை:
முக்காலியைப் பிறகு பேசிக்கொள்ளுங்கள். 1977இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதற்கு முன்னும் பின்னும் விண்மீனின் ஒளி மங்கியதை அளந்தே அதன் வளையங்களை அறிந்தார்கள். நம் காவலூர் வான் ஆய்வகத்திலும் அந்நிகழ்வைப் பதிவு செய்தார்கள். கண்ணால் பார்த்தால்தான் சான்றா?

செவ்வாய்ப்பேட்டையார்:
காவலூர்க்காரர்கள் அளந்ததை அளவாகவே வைத்தார்கள், அம்மா. அதற்குச் செம்பழுப்பு பூசி, நேரில் போனாலும் இப்படித்தான் இருக்கும் என்று எவரும் எழுதவில்லை.