போருக்குப் பிந்தைய பிரிட்டன்: ரேஷன் காலத்துப் பெண்களின் குறிப்புகள் எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. கல்லூரி மாணவர்களுக்காக 1945க்குப் பிந்தைய பிரிட்டன் பற்றி ஒரு உரை தயாரிக்கிறேன். 1945 தேர்தலில் தொழிற்கட்சித் தலைவர் அட்லியின் வெற்றி, 1948 ஜூலை 5இல் தொடங்கிய இலவச மருத்துவச் சேவை, இதெல்லாம் கைவசம் இருக்கிறது. எனக்கு வேண்டியது அடுப்படிப் பக்கத்துக் கதை. அங்கே ரேஷன் என்றால் ஒருவர் இவ்வளவுதான் வாங்கலாம் என்ற கட்டுப்பாடு. போர் நடந்தபோதுகூட ரேஷனில் வராத ரொட்டி, போர் முடிந்தபின் 1946இல் ரேஷனுக்கு வந்தது! இறைச்சிக்கு 1954 வரை ரேஷன் புத்தகத்தோடு நிற்க வேண்டியிருந்தது. ஜெயித்த நாட்டிலேயே இப்படி என்றால் அந்தப் பெண்கள் எவ்வளவு வெறுத்துப்போயிருப்பார்கள்? 1951இல் தொழிற்கட்சி அதிக வாக்கு வாங்கியும் ஆட்சியை இழந்ததில் இந்தக் கோபத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அக்கால இல்லத்தரசிகளின் நாட்குறிப்பு, கடிதம், பேட்டி எதுவானாலும் சரி, எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். தமிழில் யாராவது எழுதியிருந்தால் இன்னும் நல்லது. உரை அடுத்த மாதம்.