கரண்ட் போய் வந்தால் ஆமை வேகம்: ரேம் போடுவதா, டிஸ்க்கை மாற்றுவதா?

சிரியம்_கணக்கன்

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். வீட்டு டெஸ்க்டாப் பற்றி ஒரு கேள்வி. கோர் ஐ3-6100, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 64-பிட். ஜப்பானில் ஆபீஸில் ஓடிய மெஷின், யாங்கோனில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. ஆன் செய்தால் டெஸ்க்டாப் வர 3 நிமிடம், குரோம் திறக்க இன்னொரு 2 நிமிடம் ஆகிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று நிற்கிறது. சிபியு 15% தாண்டுவதில்லை, மெமரி 78%. கரண்ட் போய் வந்த நாளில் இன்னும் மோசம்.

கடையில் "ரேமை 8 ஆக்கினால் போதும்" என்கிறார்கள். கூடவே ஒரு டியூன்-அப் சாஃப்ட்வேரும் போட்டுத் தருவார்களாம். யுபிஎஸ் கிடையாது. தமிழ் டைப்பிங் (பழைய பாமினி ஃபைல்கள் ஏராளம்), எக்ஸல் கணக்கு, பிள்ளைகளின் ஸூம் வகுப்பு, இவ்வளவுதான் வேலை. இப்போதைக்கு ஒரு பொருள்தான் வாங்க முடியும். எதில் தொடங்கலாம்?

மோல்மேன்_மெக்கானிக்

சிபியு 15, டிஸ்க் 100. பிராசஸர் சும்மா உட்கார்ந்து டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கிறது. ரேம் அடுத்த வேலை, முதல் வேலை அல்ல.

ஆனால் டிஸ்க் 100% காட்ட இரண்டு காரணம் உண்டு. டிஸ்க் நன்றாக இருந்து வேலைதான் அதிகம் என்பது ஒன்று. டிஸ்க்கே கெட்டுக்கொண்டிருப்பது இன்னொன்று. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் டிஸ்க்கைத் தட்டினால் கீழே ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் தெரியும். ஹார்ட் டிஸ்க்கில் பத்து, இருபது மில்லி செகண்ட் சாதாரணம். சுமை ஏறும்போது 100-ஐத் தாண்டினாலும் பயமில்லை. ரீட் ஸ்பீடு 1 எம்பிகூட இல்லாமல் ரெஸ்பான்ஸ் டைம் மட்டும் ஆயிரக்கணக்கில் நின்றால், படிக்க முடியாத ஒரே செக்டரோடு (டிஸ்க்கில் தரவு பதியும் சிறு கட்டம்) டிஸ்க் மல்லுக்கட்டுகிறது என்று அர்த்தம்.

அதை உறுதி செய்ய, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராமைப் போடுங்கள், இலவசம்தான். மூன்று வரி பார்த்தால் போதும்: 05, சி5, சி6. எண்கள் முதலில் ஹெக்ஸாடெசிமலில் (16-ஐ அடிமானமாகக் கொண்ட எண்முறை) வரும். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதில் ரா வேல்யூஸ் என்று போய் டெசிமலுக்கு மாற்றிவிட்டுப் படியுங்கள், இல்லையென்றால் 28 என்று இருப்பது உண்மையில் 40 என்பது தெரியாது. சி5 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை, சி6 என்பது சரிசெய்ய முடியாதவற்றின் எண்ணிக்கை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் செக்டரில் தரவு பாதியில் நின்று, அதன் சரிபார்ப்புக் குறியீட்டோடு பொருந்தாமல் போகும். அடுத்த தடவை படிக்கும்போது டிஸ்க் அதை சி5-இல் சேர்த்துவிடும். அதே இடத்தில் புதிதாக எழுதினால் சில சமயம் சரியாகி எண் இறங்கும். மேற்பரப்பே கெட்டிருந்தால் உபரி செக்டருக்கு மாற்றிவிட்டு 05-ஐ ஏற்றும். தரவு போய்வரும் வழியில் நேர்ந்த பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி. அதை மாற்றிப் பாருங்கள்.

சி5 பூஜ்யம் இல்லையென்றால் வேறு எதையும் தொடுமுன் ஃபைல்களை வெளியே எடுங்கள். சின்ன ஃபைல், முக்கியமான ஃபைல் முதலில், சினிமா கடைசியில். விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஆர் ஆப்ஷனோடு ஓட்டச் சொல்லி யாராவது வருவார்கள், காப்பி முடியும்வரை ஓட்டாதீர்கள். அது மொத்த டிஸ்க்கையும் மணிக்கணக்கில் படிக்கவைக்கும், நோயாளி டிஸ்க் அதிலேயே படுத்துவிடலாம்.

மாற்ற வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவை வைக்கும் டிஸ்க்). 240 அல்லது 256 ஜிபி உங்கள் வேலைக்கு ஏராளம். வரிசையாகப் படிக்கும்போது பழைய டிஸ்க் விநாடிக்கு நூற்றுச் சொச்சம் எம்பி, இது சுமார் 500. ஆனால் வித்தியாசம் அங்கே இல்லை. விண்டோஸ் ஏறும்போது ஆயிரக்கணக்கான துண்டு ஃபைல்களை அங்கங்கே தேடிப் படிக்கிறது. அந்த 4 கேபி படிப்பில் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு எம்பி தேறுவதே கஷ்டம், சாதாரண எஸ்எஸ்டி அதையே இருபது முப்பது எம்பியில் தரும்.

டியூன்-அப் சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம். விண்டோஸ் தன் செட்டிங்ஸை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துடைத்தால் டிஸ்க் வேகமாகச் சுற்றாது. அதுவும் ஸ்டார்ட்-அப்பில் போய் உட்கார்ந்து, ஏற்கெனவே மூச்சுத் திணறும் டிஸ்க்கைத்தான் பிடித்து இழுக்கும்.

டிடிபி_அக்கா

டிஸ்க் மாற்றும்போது குளோன் செய்யாமல் (பழையதை அப்படியே நகலெடுக்காமல்) புதிதாக விண்டோஸ் போடுங்கள் தம்பி. நோயாளி டிஸ்க்கைக் குளோன் செய்தால் பாதியில் நிற்கும், கெட்ட சிஸ்டம் ஃபைலும் கூடவே வந்து சேரும். 8 ஜிபி யுஎஸ்பி ஒன்றில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலால் இன்ஸ்டாலர் தயாரித்துக்கொள்ளலாம். லைசென்ஸ் டிஜிட்டலாகப் பதிவாகியிருந்தால் அது மதர்போர்டைச் சார்ந்தது, டிஸ்க் மாறினாலும் நெட்டில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தை முன்னாடியே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால் விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் லோடர் பழைய டிஸ்க்கிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் அதைக் கழற்றிய அன்று மெஷின் எழுந்திருக்காது.

எல்லோரும் டாக்குமெண்ட்ஸை எடுப்பார்கள், ஃபாண்டை மறப்பார்கள். பாமினி ஃபைல் என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகம் போட்டது. ஃபாண்ட் இல்லையென்றால் உங்கள் கணக்குப் புத்தகம் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் ஃபோல்டர் இருக்கிறது, அதை அப்படியே ஒரு பென்டிரைவில் காப்பி செய்யுங்கள். மியன்மார் ஃபைல்களும் இருக்குமே? இந்த நாடு யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1-இல்தான். அதற்கு முந்தியவை பெரும்பாலும் யூனிகோடு அல்லாத பழைய ஃபாண்டான ஸாஜியில் இருக்கும். புது விண்டோஸில் யூனிகோடு ஃபாண்ட் மட்டும்தான் உண்டு, ஸாஜி ஃபைலைத் திறந்தால் எழுத்து இடம் மாறி, கொம்பு தனியே காலு தனியே நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழிக்க வேண்டாம், ஸாஜி ஃபாண்டைப் போட்டால் சரியாகிவிடும்.

புது டைப்பிங்குக்கு வெளி சாஃப்ட்வேர் தேவையில்லை. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து தமிழ்99 கீபோர்டு கூடவே வருகிறது. பிரவுசரின் புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு, அவுட்லுக் வைத்திருந்தால் மெயில்கள் இருக்கும் அதன் பிஎஸ்டி ஃபைல், இவையும் டாக்குமெண்ட்ஸுக்கு வெளியே இருப்பவை.

ஜெனரேட்டர்_வாசு

எல்லாரும் எஸ்எஸ்டி எஸ்எஸ்டிங்கறீங்க. யுபிஎஸ் இல்லாம எஸ்எஸ்டி போட்டா அதுவும் போகும்ங்க. எந்தத் தரவு எங்க இருக்குன்னு எஸ்எஸ்டி தனக்குள்ள ஒரு அட்டவணை வச்சிருக்கு. அதை எழுதற நேரத்துல கரண்ட் போனா விலை மலிவான எஸ்எஸ்டி மொத்தமா முகம் காட்டாமப் போயிடும். ஹார்ட் டிஸ்க்காவது நாலு செக்டரோட விடும். முதல்ல யுபிஎஸ் வாங்குங்க.

650 விஏ லைன்-இன்டராக்டிவ், ஏவிஆர் உள்ளது போதும். ஐ3 டெஸ்க்டாப்பும் ஒரு எல்இடி மானிட்டரும் சேர்ந்து 100 வாட் சுற்றித்தான். சேவ் பண்ணி ஷட்டவுன் பண்ண நேரம் கிடைக்கும், ஸூம் கிளாஸ் முழுக்க ஓட்டலாம்னு நினைக்காதீங்க. ஏவிஆர் எதுக்குன்னா, சாயங்காலம் வோல்ட்டேஜ் இறங்கினா பேட்டரியைத் தொடாமலே தூக்கிக் கொடுக்கும். அது இல்லாத யுபிஎஸ் ஒவ்வொரு இறக்கத்துக்கும் பேட்டரிக்குத் தாவி, கரண்ட் நிஜமா போற நேரத்துல காலியா இருக்கும். ஜெனரேட்டர்ல ஓட்டும்போதும் இதே கதைதான். ஃப்ரீக்வன்சி ஆடினா யுபிஎஸ் அதை ஒத்துக்காம கீச் கீச்னு பேட்டரிக்குப் போயிட்டு வரும். சென்சிட்டிவிட்டியைக் குறைக்க வழியுள்ள மாடலாப் பாருங்க. லேசர் பிரின்டரை யுபிஎஸ்ல மாட்டாதீங்க.

இன்னொண்ணு. ஜப்பான் மெஷின்ங்கறீங்க. அங்க கரண்ட் 100 வோல்ட், இங்க 230. பவர் சப்ளை லேபிள்ல 100-240ன்னு இருந்தா சரி. பின்னாடி 115/230 சிவப்பு சுவிட்ச் இருந்தா அது 230ல நிக்குதான்னு பாருங்க. 100 மட்டும்னு எழுதியிருந்து, வோல்ட்டேஜைக் குறைச்சுக் கொடுக்கற ஸ்டெப்-டவுன்ல ஓடுதுன்னா, பவர் சப்ளையையே மாத்திடறது உத்தமம். மலிவு யுபிஎஸ் தர்ற சதுர அலையில ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் உறுமிச் சூடாகும்.

மோல்மேன்_மெக்கானிக்

வாசு சொல்வது நியாயம்தான். ஆனால் சி5 ஏறிய டிஸ்க்கை யுபிஎஸ் குணப்படுத்தாது. சி5 பூஜ்யமாக இருந்தால் வாசு சொன்னபடி யுபிஎஸ் முதலில். பூஜ்யம் இல்லையென்றால் எஸ்எஸ்டி முதலில். யுபிஎஸ் வரும்வரை மழை, இடி நேரத்தில் பிளக்கைக் கழற்றி வையுங்கள். கரண்ட் வந்ததும் உடனே ஆன் செய்யாமல் ஐந்து நிமிடம் விடுங்கள், முதல் சில நிமிடம்தான் வோல்ட்டேஜ் தாறுமாறாகக் குதிக்கும்.

சிரியம்_கணக்கன்

நன்றி. பார்த்துவிட்டேன்: 05 பூஜ்யம், சி5 டெசிமலில் 40, சி6 40, சி7 பூஜ்யம். பவர் சப்ளை லேபிள் 100-240. ரெஸ்பான்ஸ் டைம் அடிக்கடி 2,000-ஐத் தாண்டுகிறது. ஃபாண்ட், டாக்குமெண்ட் காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று சந்தேகம். கேஸுக்குள் எஸ்எஸ்டிக்கு பவர் வயர் மிச்சமில்லை. கடையில் 2 டிபி எஸ்எஸ்டி ஒன்று 240 ஜிபி விலைக்கே இருக்கிறது, எடுக்கலாமா? பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்து பேக்-அப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?

மோல்மேன்_மெக்கானிக்

அந்த 2 டிபியைத் தொடாதீர்கள். உள்ளே சின்ன சிப் வைத்து, கொள்ளளவை மட்டும் பெரிதாகக் காட்டும் போலியாகத்தான் இருக்கும். முதல் சில ஜிபி ஒழுங்காக எழுதும், அதற்குமேல் எழுதுவது பழையதன் மேலேயே விழும், ஃபைல் பெயர் மட்டும் இருக்கும். எந்த எஸ்எஸ்டி வாங்கினாலும் விண்டோஸ் போடுமுன் வேறு மெஷினில் மாட்டி எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராமால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். பிழையில்லாமல் முடிந்தால் சரக்கு அசல்.

பவர் வயருக்கு சாட்டா ஒய்-ஸ்பிளிட்டர் போடலாம். வயர் முனையில் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிய கனெக்டர் வேண்டாம், உள்ளே கம்பிகள் நெருங்கி எரிந்த சம்பவங்கள் உண்டு. மூடி கழன்று வரும், கம்பியைக் கவ்விப் பிடிக்கும் வகையாக எடுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுவதாக இருந்தால் அதன் வயரே போதும், ஸ்பிளிட்டரே வேண்டாம். பயாஸில் (விண்டோஸ் ஏறுமுன் வரும் மதர்போர்டு செட்டிங்ஸ்) சாட்டா மோடு ஏஎச்சிஐ என்று இருக்க வேண்டும், பழைய ஆபீஸ் மெஷின்களில் ரெய்டில் விட்டு வைத்திருப்பார்கள். இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், பின்னால் மாற்றினால் நீலத் திரை.

பழைய டிஸ்க் பேக்-அப்புக்கு ஆகாது. முழு ஃபார்மேட் செய்ததும் சி5 பூஜ்யமாகி, சில வாரம் ஏறாமல் இருந்தால், திரும்ப டவுன்லோட் செய்யக்கூடிய பாட்டு, படம் வைக்கலாம். கணக்குக்கு வேண்டாம்.

டிடிபி_அக்கா

யுபிஎஸ்ஸுக்குப் பிறகு ரேம் வாங்கும்போது ஒரு விஷயம்: இந்தத் தலைமுறை மதர்போர்டுகளில் டிடிஆர்4 வகை ரேமும் உண்டு, டிடிஆர்3எல் வகையும் உண்டு. வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினால் ஸ்லாட் உடையும். பழைய ஸ்டிக்கைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். ஸ்லாட் காலியாக இருந்தால் இன்னொரு 4 ஜிபி போதும், இரண்டும் ஜோடியாக ஓடும்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஐ3-6100 விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை, இன்டெலில் அநேகமாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். பாமினி ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்ற அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மிண்டுக்குப் போவதென்றாலும் பிறகு சிரமம் இருக்காது.