ஃபிஸ்பின்: மூன்றாவது ஜாக்கி வந்தால் அவுட்டா? விதி தெரிந்தவர்கள் உதவுங்கள்

சீட்டுக்கட்டு52:
வணக்கம். ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளி டிவி தொடரில் வரும் ஃபிஸ்பின் சீட்டாட்டத்தை இந்தச் சனிக்கிழமை இரவு எங்கள் செட்டோடு ஆடலாம் என்று விதிகளை எழுதி வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஆறு சீட்டு, சீட்டுப் போடுபவருக்கு வலப்பக்கம் இருப்பவருக்கு மட்டும் ஏழு. இரண்டாவது சீட்டைத் திறந்து வைக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை மட்டும் கூடாது. இரண்டு ஜாக்கி இருந்தால் அரை ஃபிஸ்பின். இதுவரை சரி. மூன்றாவது ஜாக்கி வந்தால் 'ஸ்ரால்க்', ஆளே அவுட் என்கிறார் தொடரின் நாயகன் கேப்டன் கிர்க். கொஞ்ச நேரத்திலேயே எதிராளிக்கு இன்னொரு ஜாக்கி வந்ததும் ஆகா ஓகோ என்கிறார்! எதை எடுத்துக்கொள்வது? ஜெயிப்பது எப்படி என்றும் காணோம்.

பழைய டிவி:
தம்பி, விதி இருந்தால்தானே முரண்பாடு? 1968 ஜனவரியில் வந்த எபிசோட் அது. முன்பு வந்த விண்கப்பல் விட்டுப்போன சிகாகோ தாதாக்கள் பற்றிய புத்தகத்தை வேதமாக வைத்து ஒரு கிரகமே 1920களின் ரவுடிகளாக வாழும். அங்கே பிடிபட்ட கிர்க், காவலுக்கு நிற்கும் காலோவைக் குழப்ப, பீட்டா அன்டாரெஸ் 4 என்ற கிரகத்தில் ஆடும் ஆட்டம் என்று வாய்க்கு வந்ததை அளந்துவிடுகிறார். 'க்ரோங்க்' என்ற கடைசிச் சீட்டு கீழே விழ, காலோ குனிய, மேசை அவர் மேல் கவிழ்கிறது. ஆட்டம் முடிவது அப்படித்தான்.

சீட்டுக்கட்டு52:
தெரியும் அண்ணா, ஆனாலும் ஆடியே தீருவோம். இன்னொன்று: அரை ஃபிஸ்பினுக்கு அப்புறம் ராஜாவும் இரண்டாம் நம்பர் சீட்டும் வேண்டும், இரவில் ராணியும் நான்கும். ராஜா வந்தால் இன்னொரு சீட்டு கிடைக்கும், இருட்டாக இருந்தால் திருப்பித் தர வேண்டும். ட்யூப்லைட் எரியும் ஹாலில் எந்தக் கணக்கு?

கணக்குப்புலி:
இரவையும் இருட்டையும் கிர்க் தனித்தனியாகத்தான் சொல்கிறார். அதனால் உங்களுக்கு ராணி, நான்கு. ராஜா வந்தால் கூடுதல் சீட்டு உண்டு. ரம்மி போல எடுத்துப் போட்டு ஆடுங்கள். இரண்டு ஜாக்கியோடு ராணியும் நான்கும் முதலில் சேர்த்தவர் ஜெயித்தார் என்று வையுங்கள்.

மூன்றாவது ஜாக்கிக்கு அவுட்டே இருக்கட்டும். ஆறு சீட்டில் சரியாக இரண்டு ஜாக்கி விழ 5.7 சதவீத வாய்ப்பு. மூன்று விழ 0.34தான். போட்டதுமே யாரும் வெளியேற மாட்டார்கள். கவிழ்ந்த சீட்டை எடுக்கும்போதுதான் பயம் வரும், அதில்தான் ருசி. ஏழு சீட்டுக்காரருக்கு இரண்டு ஜாக்கி வாய்ப்பு 7.7 ஆகிவிடும், எனவே ஒவ்வொரு சுற்றிலும் போடுபவரை மாற்றுங்கள். எல்லாரும் குறிவைக்கும் ராயல் ஃபிஸ்பின் விழும் வாய்ப்பை மட்டும் கேட்காதீர்கள். கிர்க்கின் துணை அதிகாரி ஸ்பாக்கே கணக்குப் போட்டதில்லை என்று கையை விரித்துவிட்டார்.

சீட்டுக்கட்டு52:
அருமை, இதையே வைத்துக்கொள்கிறோம். நடுவில் கரண்ட் போனால்?

கணக்குப்புலி:
ராஜாவுக்கு வாங்கிய சீட்டைத் திருப்பித் தர வேண்டியதுதான். இன்வெர்ட்டர் இருந்தால் தப்பித்தீர்கள்.