புதுப்பிப்பு: பயோசாரில் வைத்த லெட்யூஸ் மஞ்சளான பிரச்சினை தீர்ந்தது

மண்ணில்லாமல் ஊட்டக் கரைசலில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக் முறையில், செடி நிற்கும் ஓட்டைக் கிண்ணத்தில் (நெட் கப்) தேங்காய் நாருக்குப் பதில் பயோசார் (செடிக்கழிவைக் குறைந்த காற்றில் சூடாக்கிச் செய்யும் கரி) போட்டதும் லெட்யூஸின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இரும்புச்சத்தைக் கூட்டச் சொன்னார்கள், கூட்டினேன், பலனில்லை. "முதலில் கரி ஊறிய தண்ணீரின் பிஎச்சை (அமில-கார அளவை) பார்" என்றவர் சொன்னதுதான் சரி. ஒரு கப் கரியை வெறும் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து அளந்தேன்: 9.2, அதாவது நல்ல காரம் (7 தான் நடுநிலை). கரியிலுள்ள சாம்பல்தான் காரணம். தண்ணீர் இப்படிக் காரமானதால், தொட்டியில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை.

செய்தது இதுதான். தூளைச் சலித்து ஒதுக்கிவிட்டு, 3 முதல் 8 மில்லிமீட்டர் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டேன். கறுப்புத் தண்ணீர் தெளியும்வரை அலசினேன், ஏழெட்டு முறை ஆனது. அப்புறம் அமிலம் சேர்த்த தண்ணீரில் ஊறல். முதலில் சிட்ரிக் அமிலம் போட்டேன். இரண்டே நாளில் பிஎச் பழையபடி ஏறிவிட்டது. நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறி, 6-இல் நிலைக்கும்வரை தினமும் சரிசெய்தேன். ஐந்து நாள் பிடித்தது. கடைசியாக ஒரு நாள் பாதி வலிமை ஊட்டக் கரைசலில்.

பழைய மஞ்சள் இலைகள் தேறவில்லை. புதிதாக வந்தவை முழுப் பச்சை.

எதிர்பாராதது: கரி மிதக்கிறது! நன்றாக ஊறிய துண்டுதான் அடியில் தங்குகிறது. மிதந்ததை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பம்ப் வடிகட்டியில் போய் அடைக்கும்.