சேஃப்டி ஷூ சோல் பிரிந்துவிட்டது, உடனே வழி சொல்லுங்கள்

நைட்ஷிஃப்ட்: நாளை ராத்திரி டியூட்டி. ஷூ முன்பக்கம் வாயைப் பிளந்து நிற்கிறது. சூப்பர் குளூ போட்டேன், மறுநாளே விட்டுவிட்டது. சம்பளம் வர ஒன்பது நாள் இருக்கிறது, கையில் 150 ரூபாய். வீட்டிலேயே ஒட்ட முடியுமா?

மணிபாரதி: தோலா, ரெக்ஸினா? சோல் ரப்பரா, பியூவா (பாலியூரித்தேன் என்கிற லேசான நுரை பிளாஸ்டிக்)? எத்தனை வருஷம் ஆச்சு?

குத்தூசி: எந்தப் பசையும் நிற்காது தம்பி. மெழுகு தடவிய நைலான் நூலில் சுற்றித் தைத்துவிடுங்கள். என் ஷூ அப்படித்தான் மூன்று வருஷம் உழைத்தது.

பழையகை: மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், பழைய பதில்களை யாரும் தேடிப் படிப்பதில்லை. சூப்பர் குளூ காய்ந்தால் விறைத்துவிடும், நடக்கும்போது மடங்குகிற இடத்தில் வெடிக்கும். இதுகூடத் தெரியாமல் ஷூவில் கை வைக்கக் கூடாது.

மணிபாரதி: தெரியாததால்தானே கேட்கிறார் சார். தம்பி, விவரம் சொல்லுங்கள்.

நைட்ஷிஃப்ட்: கறுப்புத் தோல், உள்ளே விரலைக் காக்கும் இரும்பு டோ. சோல் லேசாக இருக்கும். வாங்கி இரண்டரை வருஷம்.

ஆம்பூர்க்காரன்: லேசான சோல் என்றால் பெரும்பாலும் பியூ. முதலில் பிரிந்த இடத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். ஈரக்காற்றில் பியூ உள்ளுக்குள்ளேயே சிதைந்திருக்கும், எந்தப் பசையும் பிடிக்காது. உதிராவிட்டால் பழைய பசையைச் சுரண்டி, இரண்டு பக்கமும் உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேயுங்கள். தூசியைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். செருப்பு தைப்பவர்கள் சொல்யூஷன் என்பார்களே, அந்த ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுங்கள். விரல் வைத்தால் பசை ஒட்டி வரக் கூடாது. அப்புறம் ஒரே அழுத்து. பழைய சைக்கிள் டியூபைக் கீறி இறுக்கிச் சுற்றி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

குத்தூசி: அதன் மேல் நாலு தையலும் போட்டால் இன்னும் நல்லது.

ஆம்பூர்க்காரன்: வேண்டாம் அண்ணா. சேஃப்டி ஷூ சோலில் ஓட்டை விழுந்தால் எண்ணெயும் தண்ணீரும் உள்ளே போகும்.

குத்தூசி: தெருமுனையில் உட்கார்ந்து தைப்பவர் எல்லாம் ஓட்டை போடாமலா தைக்கிறார்?

ஆம்பூர்க்காரன்: சாதாரண ஷூவுக்குச் சரி. கரன்ட் பக்கம் நிற்கிறவர் காலுக்கு ஓட்டை இல்லாத சோல் வேண்டும்.

செங்கல்பட்டு: ஒட்டுவது இருக்கட்டும், கம்பெனிதானே ஷூ தர வேண்டும்? ஸ்டோரில் கேட்டீர்களா?

பழையகை: காண்ட்ராக்ட் ஆள் கேட்டால் கொடுத்துவிடுவார்களா? நடக்கிறதைப் பேசுங்கள்.

செங்கல்பட்டு: கேட்காமல் இருந்தால் எப்போதும் கிடைக்காது. எங்கள் யூனிட்டில் எட்டுப் பேர் எழுதிக் கொடுத்தோம், அடுத்த மாதம் வந்தது.

மணிபாரதி: தம்பி, நகத்தால் கீறிப் பார்த்தீர்களா?

நைட்ஷிஃப்ட்: இடது கால் உதிரவில்லை, ஒட்டி டியூப் சுற்றியாச்சு. வலது குதிகாலில் பொடி கொட்டுகிறது. ஸ்டோரில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். டியூட்டிக்கு நேரமாச்சு.

ஆம்பூர்க்காரன்: வலதைப் போட்டுக்கொண்டு ஏணி ஏறாதீர்கள்.